உழைக்கும் தசைக்கு எவ்வளவு ரத்தம்? படமெடுத்து அளப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடற்பயிற்சியின்போது தசைக்குப் பாயும் ரத்தத்தை அளக்கும் ஆய்வுகளில் அல்ட்ராசவுண்ட் ப்ரோப்பை (தோல்மேல் வைக்கும் கைக்கருவியை)ப் பிடிப்பது என் வேலை. சோதனைக்கு வருபவர்களும், உடலியங்கியல் மாணவர்களும், சில சமயம் பயிற்சியாளர்களும் கேட்கும் கேள்விகளைத் திரட்டியிருக்கிறேன். எனக்குப் பழக்கமானது டாப்ளர், அதாவது அல்ட்ராசவுண்டால் ரத்தத்தின் வேகத்தை அளக்கும் முறை, என்பதால் அங்கே பேச்சு நீளும். மற்ற கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்வேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் ரத்தம் ஓடத்தானே செய்கிறது? உழைத்தால் எவ்வளவு கூடும்?

ஓய்வில் 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 மில்லிலிட்டர் ரத்தம் போகும். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. உச்ச உழைப்பில் அதே 100 கிராமுக்குக் கால் லிட்டர் பாயும்.

இது நெடுங்காலம் யாருக்கும் தெரியாது. பழைய முறைகள் காட்டிய எண்கள் இதைவிட மிகச் சிறியவை. 1985-ல் கோபன்ஹேகனில் பெர் ஆண்டர்சனும் பெங்ட் சால்டினும் ஒரு எளிய ஏற்பாட்டைச் செய்தார்கள். ஆளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரே ஒரு காலால் திரும்பத் திரும்ப உதைக்கச் சொன்னார்கள். வேலை செய்வது தொடையின் முன்பக்கத் தசை மட்டுமே, ஏறக்குறைய 2.3 கிலோ. தொடைச் சிரைக்குள் மெல்லிய குழாயைச் செருகி, அதில் குளிர்ந்த உப்புநீரை விட்டு, வெப்பம் எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்து ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். கிடைத்த எண் 100 கிராமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர். அந்த ஒரு தொடைக்கு மட்டும் நிமிடத்துக்கு ஐந்தரை லிட்டருக்கு மேல்! ஓய்வில் இதயம் உடம்பு முழுவதற்கும் அனுப்புவதே ஐந்து லிட்டர்தான்.

அப்படியானால் எல்லாத் தசையும் சேர்ந்து உழைத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

கணக்கு உதைக்கும். முப்பது கிலோ தசை உள்ளவர் என்று வையுங்கள். கிலோவுக்கு இரண்டரை லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 75 லிட்டர் வேண்டும். நல்ல பயிற்சி உள்ளவரின் இதயமே 20, 25 லிட்டருக்கு மேல் தள்ளாது. உலகத் தர வீரர்கள் சிலர் 35-ஐத் தாண்டுவார்கள், அவ்வளவுதான். தசைகள் கேட்பதையெல்லாம் கொடுத்தால் ரத்த அழுத்தம் பொத்தென்று விழுந்துவிடும். ஆகவே பரிவு நரம்புகள் (ரத்தக் குழாய்களைச் சுருக்கும் தானியங்கு நரம்புகள்) உழைக்கும் தசையின் குழாய்களையும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கின்றன. உள்ளே தசை திறக்கப் பார்க்கிறது, வெளியே நரம்பு மூடப் பார்க்கிறது. இந்த இழுபறியின் விடைதான் நாம் அளக்கும் எண்.

அதனால், ஒரு காலை மட்டும் உதைத்துப் பெற்ற எண்ணை சைக்கிள் ஓட்டுபவர் மீது ஏற்றிப் பேசாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

டாப்ளர் இதை எப்படி எண்ணாக்குகிறது?

குழாயின் குறுக்குப் பரப்பு, அதில் ஓடும் ரத்தத்தின் சராசரி வேகம். இரண்டையும் பெருக்கினால் ஓட்டம். வாய்க்காலில் தண்ணீர் அளக்கிற அதே கணக்கு.

ஓர் உதாரணம். தொடைத் தமனியின் விட்டம் 9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.64 சதுர சென்டிமீட்டர். ஓய்வில் சராசரி வேகம் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 6.4 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 380 மில்லிலிட்டர் சுமார். உதைக்கத் தொடங்கியபின் வேகம் 100 சென்டிமீட்டரானால் நிமிடத்துக்கு 3.8 லிட்டர். குழாயின் விட்டம் இந்த இடத்தில் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வேகம். குழாயைத் திறந்துவிடும் வேலை கீழே, தசைக்குள் இருக்கும் குறுந்தமனிகளில் நடக்கிறது.

விட்டத்தைச் சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்தில் பார்த்து அளக்கிறோம். வேகம் டாப்ளர் தரும்: ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறுகிறது, அந்த மாற்றத்திலிருந்து வேகம். 1997-ல் ரோடெக்ரான் என்பவர் இந்த முறையையும் மேலே சொன்ன குளிர்நீர் முறையையும் உதைக்கும் காலிலேயே ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துப்போவதைக் காட்டினார். அதன் பிறகுதான் ஊசி குத்தாமல் இந்த வேலையைச் செய்யும் துணிச்சல் பலருக்கும் வந்தது.

இதில் தப்பு எங்கே நுழைகிறது?

மூன்று இடங்களில். மூன்றுமே ப்ரோப் பிடிப்பவரின் கையிலும் கண்ணிலும்தான் இருக்கின்றன.

முதலாவது விட்டம். பரப்பு விட்டத்தின் இருமடியாக ஏறும். 9 மில்லிமீட்டரை 9.5 என்று படித்துவிட்டால் ஓட்டம் 11 சதவீதம் கூடிவிடும். அரை மில்லிமீட்டர் என்பது திரையில் குறியை ஒரு இழை தள்ளி வைப்பது, அவ்வளவுதான்.

இரண்டாவது கோணம். ஒலிக்கற்றை ரத்தக் குழாயை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதை நாம்தான் கருவிக்குச் சொல்ல வேண்டும். திரையில் ஒரு சிறு கோட்டைத் திருப்பி, குழாய்ச் சுவருக்கு இணையாக வைப்போம். உண்மைக் கோணம் 60 பாகையாக இருந்து, நாம் 65 என்று வைத்தால் வேகம் 18 சதவீதம் கூடுதலாக வரும். அதே ஐந்து பாகைத் தப்பு 30 பாகையில் நடந்தால் 6 சதவீதம்தான். 60-க்கு மேல் போகாதே என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் காலையில் வைத்த கோட்டை மாலை வரை திருப்பவே இல்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள், கோடு அப்படியே இருந்தது. அன்றைய அளவுகள் முழுவதும் குப்பைக்குப் போயின. வந்தவர்கள் மறுபடியும் வந்து உதைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது, எந்த வேகம் என்பது. குழாயின் நடுவில் ரத்தம் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் போகும். சீரான ஓட்டத்தில் சராசரி வேகம் நடுவேகத்தில் பாதி. திரையில் அலையின் மேல்விளிம்பைத் தடவி அதையே சராசரி என்று எடுத்துக்கொண்டால் ஓட்டம் இரட்டிப்பாகிவிடும். நம்ப முடியாத அளவு பெரிய எண்ணைக் கண்டால் முதலில் இதைத்தான் சந்தேகிப்பேன்.

உதைக்கும்போது திரையில் அலை அறுந்து அறுந்து வருகிறதே, கருவியில் கோளாறா?

இல்லை. அதுதான் பார்க்க வேண்டிய காட்சி.

ஓய்வில் தொடைத் தமனியின் அலைக்கு ஒரு வடிவம் உண்டு: இதயம் துடித்ததும் கூரிய ஏற்றம், உடனே கோட்டுக்குக் கீழே ஒரு சிறு சறுக்கல், பிறகு மெல்லிய மேடு. கீழே சறுக்குகிறதே, அப்போது ரத்தம் உண்மையிலேயே சற்றுப் பின்னோக்கி வருகிறது. தசைக்குள் குழாய்கள் குறுகியிருப்பதால் வந்த ரத்தம் மோதித் திரும்புகிறது.

உதைக்கத் தொடங்கியதும் இந்த நாகரிகமெல்லாம் போய்விடும். தசை சுருங்கும் நொடியில் உள்ளிருக்கும் குழாய்கள் நசுங்கி, ஒலிபெருக்கியில் சத்தம் அமுங்கிவிடும். கால் இறங்கித் தசை தளர்ந்ததும் மதகு திறந்த மாதிரி ஒரு இரைச்சல். அமுங்கல், இரைச்சல், அமுங்கல், இரைச்சல். திரையைப் பார்க்காமலே ஆள் சரியான தாளத்தில் உதைக்கிறாரா என்று காதால் சொல்லிவிடலாம். இதயத் துடிப்பின் தாளமும் உதையின் தாளமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் எந்த இரண்டு அலையும் ஒன்றுபோல் இராது. ஒரு அலையைப் பிடித்து அளந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பல உதைகளைச் சேர்த்து, அரை நிமிடமாவது சராசரி எடுக்க வேண்டும். அதுவும் ஓட்டம் நிலைத்த பிறகு. ஒரே வேகத்தில் உதைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் நிலைத்துவிடும்.

முதல் உதையிலேயே ஓட்டம் எகிறுவதையும் பார்க்கலாம். அடுத்த ஒன்றிரண்டு இதயத் துடிப்புக்குள்! ஆக்சிஜன் தீர்ந்துபோய்த் தசை கேட்டதால் வந்தது என்று சொல்ல நேரமே இல்லை. சுருக்கத்தின் அழுத்தமே குழாய்களைத் தளர்த்துகிறது, சிரையில் கிடந்த ரத்தம் பிதுக்கித் தள்ளப்படுகிறது. பொட்டாசியம், நைட்ரிக் ஆக்சைடு, அடினோசின் போன்ற வேதிப்பொருள்களும் கைகொடுக்கின்றன. ஒன்றை மருந்தால் அடைத்தால் இன்னொன்று அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. தசையின் இந்தக் கெட்டிக்காரத்தனம் ஆராய்ச்சியாளர்களைப் பல தலைமுறையாக அலைக்கழிக்கிறது.

கால் ஆடும்போது அளப்பது இவ்வளவு சிரமம் என்றால், நிறுத்திய உடனே எடுத்தால் போதாதா?

நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது வேறு அளவு. நிறுத்தியதும் நசுக்கும் தசை இல்லை, அதனால் ஓட்டம் முதலில் தடையில்லாமல் பாயும். பிறகு சரசரவென்று இறங்கும். ஒரே ஒரு சுருக்கத்துக்குப் பிறகு பார்த்தால், சில விநாடிகளில் உச்சம் தொட்டு அரை நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஜெல் தடவி, குழாயைத் தேடி, கோணத்தைத் திருத்துவதற்குள் திருவிழா முடிந்துவிடும். பழைய முறையான பிளெதிஸ்மோகிராஃபிக்கு இதே குறைதான். சிரையைக் கஃப் கட்டி அடைத்து, கை கால் எவ்வளவு வீங்குகிறது என்று பார்ப்பது அது. தசை அசையாத இடைவெளியில்தான் அளக்க முடியும். நிறுத்தியபின் எடுத்த எண் என்றால் எத்தனையாவது விநாடி என்று பக்கத்தில் எழுதிவையுங்கள்.

தொடைத் தமனியில் ஓடுவதெல்லாம் அந்தத் தசைக்குத்தானா?

இல்லை. தோல், எலும்பு, வேலை செய்யாத பக்கத்துத் தசை எல்லாம் பங்கு கேட்கும். அதைவிட முக்கியம், எந்த இடத்தில் ப்ரோப்பை வைக்கிறீர்கள் என்பது. தொடைத் தமனி இடுப்புக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. மேலோட்டமாக இறங்கும் கிளை பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே போய்ச் சேரும். உள்ளே மூழ்கும் ஆழ்கிளைதான் தொடையின் முன்பக்கத் தசைக்கு முக்கியமாகச் சோறு போடுகிறது. உதைக்கும் காலின் ரத்தத்தை அளக்கிறேன் என்று மேலோட்டக் கிளையில் ப்ரோப்பை வைத்தால், உழைக்கும் தசைக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதியைத் தவறவிடுவீர்கள். பிரிவதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே வைக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் எண்ணைப் பார்க்கும் முன் இந்த இடத்தைத் தேடிப் படிப்பது என் பழக்கம்.

திரையில் சிவப்பும் நீலமும் தெரிகிறதே, சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தமா?

இல்லை. ப்ரோப்பை நோக்கி வருவது ஒரு நிறம், விலகிப் போவது இன்னொரு நிறம். ப்ரோப்பைச் சாய்த்தால் நிறம் மாறிவிடும். பளிச்சென்று இருந்தால் ஓட்டம் அதிகம் என்பதும் இல்லை, ஒரு குமிழைத் திருகினாலே பளிச்சென்று ஆகிவிடும்.

தசைக்குள்ளேயே, தந்துகி என்னும் மிக நுண்ணிய ரத்தக் குழாய் வரைக்கும் பார்க்க அல்ட்ராசவுண்டால் முடியாதா?

முடியும், ஊசி வழியே நுண்குமிழிகளைச் செலுத்தினால். கொழுப்பு அல்லது புரத ஓட்டுக்குள் கனமான வாயு அடைத்த குமிழிகள் இவை. சில மைக்ரோமீட்டர் அளவே என்பதால் சிவப்பணுவைப் போலத் தந்துகிக்குள் புகுந்து வெளியேறும், குழாயை விட்டுக் கசியாது. வாயு கடைசியில் மூச்சோடு போய்விடும்.

அளக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. குமிழிகள் தசையெங்கும் சீராக நிறைந்ததும் ஒரு பலத்த ஒலித்துடிப்பால் படச்சட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் உடைத்துவிடுவார்கள். படம் கறுத்துவிடும். பிறகு புதிய குமிழிகள் வந்து மெல்ல மெல்ல நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எவ்வளவு விரைவாக நிரம்புகிறது என்பது வேகத்தைச் சொல்லும். கடைசியில் எவ்வளவு வெளிச்சம் என்பது அங்கிருக்கும் ரத்தக் கொள்ளளவைச் சொல்லும். இரண்டையும் பெருக்கினால் ஓட்டம். 1998-ல் இதயத் தசையில் காட்டிய வழியைத்தான் கை கால் தசைக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு சங்கடம்: நிரம்பும் அந்தச் சில விநாடிகளில் தசை அசைந்தால் படம் கலைந்துவிடும்.

தந்துகி என்றதும் டென்மார்க்கின் உடலியங்கியலாளர் ஆகஸ்ட் க்ரோக் நினைவுக்கு வருவார். ஓய்வில் மூடிக் கிடக்கும் தந்துகிகள் உழைப்பில் திறக்கின்றன என்று காட்டியவர், 1920-ல் நோபல் பரிசு பெற்றவர். பெரும்பாலான தந்துகிகளில் ஓய்விலேயே ரத்தம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்ற வாதம் பிற்பாடு வலுவாக எழுந்தது. இன்னும் ஓயவில்லை.

எம்.ஆர்.ஐ. இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

எம்.ஆர்.ஐ.யிலும் பாடு உண்டு, வேறு வகையில். தசைக்குள் நுழையுமுன் ரத்தத்திலுள்ள தண்ணீருக்குக் காந்தத்தால் ஒரு முத்திரை குத்தி, அது தசையில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கலாம். ஊசியே வேண்டாம். ஆனால் முத்திரை ஒன்றிரண்டு விநாடியில் அழிந்துவிடும். ஓய்வுத் தசைக்கு வரும் ரத்தமோ துளித்துளி. கிடைக்கும் மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் கீழே, இரைச்சலில் மூழ்கிவிடும். உழைப்புக்குப் பிறகு ஓட்டம் பெருகும்போது நன்றாகத் தெரியும். குறுகிய குழாய்க்குள் படுத்துக்கொண்டு, இரும்பில்லாத மிதிப்பலகையைப் பாதத்தால் அழுத்துவதுதான் அங்கே சாத்தியமான உடற்பயிற்சி. கெண்டைக்கால் ஆராய்ச்சிகள் அதிகம் இருப்பதற்கு இதுவும் காரணம்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்குப் பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் உழைத்த தசைகள் வெண்மையாக ஒளிரும். 1988-ல் ஃப்ளெக்கன்ஸ்டைன் குழு இதை விவரித்தது. பார்த்தவுடன் "ஆஹா, ரத்தம்!" என்று தோன்றும். அது பெரும்பாலும் தசைக்குள் தண்ணீர் இடம் மாறியதன் அடையாளம். எந்தத் தசை வேலை செய்தது என்று கண்டுபிடிக்க அருமையான படம். ரத்த ஓட்டப் படம் என்று அதற்குத் தலைப்பு வைத்தால் தப்பு.

பெட் ஸ்கேன்?

எண்ணின் நம்பகத்தன்மையில் அதற்கு நிகர் குறைவு. கதிரியக்க ஆக்சிஜன்-15 சேர்ந்த தண்ணீரை ஊசியில் ஏற்றி, தசையின் ஒவ்வொரு மூலைக்கும் எவ்வளவு போகிறது என்று பார்க்கலாம். அரை ஆயுள் இரண்டே நிமிடம் என்பதால் ஸ்கேனுக்குப் பக்கத்திலேயே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இருக்க வேண்டும். எல்லோராலும் முடிகிற காரியமில்லை. ஃபின்லாந்தின் டுர்க்குவில் இதைக் கொண்டு செய்த வேலை முக்கியமானது. ஒரே தசைக்குள்ளும் ரத்தம் சமமாகப் பரவுவதில்லை, திட்டுத்திட்டாகப் போகிறது என்று படத்திலேயே காட்டினார்கள். நீண்டதூரப் பயிற்சி உள்ளவர்களிடம் அந்தத் திட்டுகள் குறைவு. அதோடு, உழைக்கும்போது பயிற்சியில்லாதவர்களைவிட அவர்கள் தசைக்குப் போன ரத்தமும் குறைவு! வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை ஒட்ட உறிஞ்சிக்கொள்கிறார்கள். ஓட்டம் அதிகமென்றால் உடல்தகுதி அதிகம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது.

தொடையில் ஒட்டிக்கொள்ளும் சிறிய ஒளிக் கருவி ரத்த ஓட்டத்தைக் காட்டுகிறதா?

காட்டுவது ஆக்சிஜன் நிறைவை. அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைத் தசைக்குள் அனுப்பி, ஹீமோகுளோபின் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும் முறை. வரவுக்கும் செலவுக்கும் உள்ள நிலுவைதான் அதில் தெரியும். வேகமாக ஓடத் தொடங்கினால் தசைக்கு வரும் ரத்தம் பலமடங்கு கூடும், ஆனால் செலவு அதைவிட வேகமாகக் கூடுவதால் கருவியில் எண் இறங்கும். எண் இறங்கியது, ஆகவே ரத்தம் குறைந்தது என்று பயிற்சியாளர்கள் சிலர் முடிவுகட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கில் இருப்பு குறைந்ததைப் பார்த்துச் சம்பளம் வரவில்லை என்று சொல்வது மாதிரிதான்.

இன்னொன்று, ஒளி போகும் ஆழம். விளக்குக்கும் உணரிக்கும் உள்ள தூரத்தில் சுமார் பாதி, அதாவது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவு இருந்தால் நீங்கள் அளப்பது கொழுப்பை.

வெப்பக் கேமரா?

அது தோலைப் பார்க்கிறது. பயிற்சியின் தொடக்கத்தில் தோலின் குழாய்கள் சுருங்குவதால் உழைக்கும் கால் படத்தில் குளிர்ந்துகூடத் தெரியலாம். தசைக்கு வேண்டாம்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்?

கால் தமனியில் அடைப்பு உள்ளவர் படுத்திருக்கும்போது ஓட்டம் சரியாகவே இருக்கலாம். ஓய்வில் தேவை குறைவு, அடைப்புக்குக் கீழே உள்ள குழாய்கள் தளர்ந்து சமாளித்துக்கொள்ளும். நடந்தால்தான் குட்டு வெளிப்படும். ஓட்டம் கூடக் கூட அடைப்பின் இரண்டு பக்கமும் அழுத்த வித்தியாசம் பெருகி, கணுக்காலில் அழுத்தம் விழுந்து, கெண்டைக்கால் வலிக்கும். அதனால்தான் நடக்கவைத்து மறுபடி கணுக்கால் அழுத்தத்தை அளக்கிறார்கள். தசைக்குள் படமெடுக்கும் முறைகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தோடு நிற்கின்றன.

சோதனைக்கு நான் எப்படி வர வேண்டும்? வலிக்குமா?

டாப்ளர் வலிக்காது, ஜெல் குளிரும். முந்தைய நாள் கடுமையான பயிற்சி வேண்டாம். அன்றைக்குக் காபி வேண்டாம். தொடையின் மேல்பகுதி வரை ஏறும் தளர்வான அரைக்கால்சட்டை போட்டு வாருங்கள். வந்தவுடன் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைப்போம், வெளியே நடந்து வந்த ஓட்டம் அடங்க. உதைக்கும்போது மட்டும் தயவுசெய்து பேசாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். பேசினால் இடுப்பு அசையும், இடுப்பு அசைந்தால் ப்ரோப் நழுவும், நான் மறுபடியும் குழாயைத் தேட வேண்டும், நீங்கள் மறுபடியும் மூன்று நிமிடம் உதைக்க வேண்டும்.